குவியலுக்குள் இருக்கும் ஈரம்



அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நம்மில் பெரும்பாலோர் ஜுமுஆ மேடைகளில் கேட்டிருப்போம். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கின்றார்கள். அந்தக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைக்கின்றார்கள். விரல்களில் ஈரம் தட்டுகின்றது. இது என்னவென்று வியாபாரியிடம் வினவுகின்றார்கள். மழை பெய்து நனைந்துவிட்டது என்கின்றார் அவர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரிக்கின்றார்கள்.

மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமன்று. தானியம் நனைந்ததும் அவருடைய குற்றமன்று. நபியவர்கள் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் கண்டிக்கவில்லை. உலர்ந்ததை மேலேயும் ஈரத்தை உள்ளேயும் வைத்த அந்த அடுக்குமுறையைத்தான் கண்டித்தார்கள். இந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நடத்தி வருகின்றோம். ஆயினும் அதன் முழுக்கனமும் அண்மையில் ஒரு டேப்லெட் நம் மத்ரஸா ஹவ்ளில் விழுந்தபோதுதான் நமக்கு விளங்கிற்று.

நடந்தது இதுதான். வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர், ஹிஃப்ழ் வகுப்புப் பிள்ளைகள் காரிகளின் ஓதலைக் கேட்டுப் பழகுவதற்காக ஒரு டேப்லெட்டை மத்ரஸாவுக்கு அன்பளிப்பாகத் தந்திருந்தார். ஒரு வியாழக்கிழமை மாலை மஃக்ரிப் பாங்கு ஒலித்தது. அதைக் கையில் வைத்திருந்த பன்னிரண்டு வயது மாணவர் ஒருவரும் மற்ற பிள்ளைகளும் ஒளு செய்ய முண்டியடித்தனர். டேப்லெட் நீரில் விழுந்தது. மாணவர் உடனே எடுத்துத் தம் துண்டால் துடைத்தார். திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணிக்கொண்டார். இரவில் வழக்கம்போல் அதைச் சார்ஜில் போடுவது அவருடைய பொறுப்பு, போட்டார். வெள்ளி காலையில் அது உயிர்பெறவில்லை. மத்ரஸாவுக்கு விடுமுறை. யாரிடமும் சொல்லாமல் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தார். ஞாயிறு காலையில் அழுதுகொண்டே வந்து நம்மிடம் சொன்னார்.

பேருந்து நிலையத்தருகே கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், சிறுவயதில் நம்மிடம் ஓதியவர். அவரிடம் கொண்டு சென்றோம். திரையைச் சூடேற்றிப் பிரித்து, பலகையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நமக்கும் காட்டினார். சார்ஜ் முனையைச் சுற்றிப் பச்சையும் வெண்மையுமாகப் பூத்திருந்தது. முனைத் துவாரத்தில் அரிசி மாவு நீரோடு குழைந்து பசையாக ஒட்டியிருந்தது. “ஹஜ்ரத், இதில் தண்ணீர் கெடுத்தது பாதி, சார்ஜ் போட்டது மீதி. வியாழன் இரவே கொண்டு வந்திருந்தால் கழுவித் துடைப்பதோடு முடிந்திருக்கும்” என்றார்.

அவர் விளக்கியதை வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகின்றோம். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் நம் கிணற்றிலும் ஆழ்துளைக் குழாயிலும் வரும் நீரில் உப்புகள் கரைந்துள்ளன. அவை மின்சாரத்தைக் கடத்துகின்றன. கருவிக்குள் மின்னோட்டம் இருக்கும்போது இந்த நீர் புகுந்தால், செல்லக் கூடாத பாதைகளில் மின்சாரம் செல்லும். நெருக்கமாக அமைந்த நுண்ணிய செம்புக் கோடுகள் அரிக்கப்படும். அணைத்துவிட்ட பின்னரும் பேட்டரி உள்ளே இருப்பதால் சில பாதைகளில் மின்னழுத்தம் நீடிக்கும், அரிப்பும் நீடிக்கும். வெளிப்புறம் உலர்ந்த பின்பும் சில்லுகளின் அடியிலும் உலோக மூடிகளின் உள்ளேயும் நீர் தங்கியிருக்கும். நீர் ஆவியானாலும் உப்பு அங்கேயே படிந்து நிற்கும். அடுத்த ஈரப்பதத்தில் மீண்டும் வேலையைத் தொடங்கும்.

அரிசியைப் பற்றிய நம்பிக்கை நம் வீடுகளில் வேரூன்றிவிட்டது. சில்லுகளின் அடியில் தேங்கிய நீரை மூடிய கண்ணாடிக்கு வெளியே கிடக்கும் அரிசியால் உறிஞ்ச இயலாது. உப்பை நீக்க அதனால் அறவே இயலாது. அரிசியின் துகள் உள்ளே புகுந்து கருவியைப் பழுதாக்கக்கூடும் என்பதால், ஐபோனை அரிசியில் இட வேண்டாமென்று ஆப்பிள் நிறுவனமே தன் பயனர்களுக்கு அறிவுறுத்துகின்றது. அரிசியால் விளையும் பெரிய தீங்கு காலவிரயமாகும். அரிப்பு நடந்துகொண்டிருக்கும் மணிகளை, ஏதோ செய்துவிட்டோம் என்ற மனநிறைவோடு நாம் கழித்துவிடுகின்றோம்.

செய்ய வேண்டியவை எளியவை. கருவியை உடனே எடுத்து அணைத்துவிட வேண்டும். வேலை செய்கின்றதா என்று மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் சார்ஜில் போடக் கூடாது. உறையைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுத்து, மென்மையான துணியால் துடைத்து, சார்ஜ் முனை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். முடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்றைச் செலுத்தினால் ஈரம் இன்னும் உள்ளே தள்ளப்படலாம். பேட்டரிக்கும் வெப்பம் ஆகாது. பின்னர் தாமதமின்றி, பிரித்துக் கழுவத் தெரிந்தவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் அதை வீட்டில் அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு.

நம் பழைய மாணவர் முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றினார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பலகையை நனைத்து, மெல்லிய தூரிகையால் உப்பை அகற்றினார். மின் அளவியால் ஒவ்வொரு பாதையாகச் சோதித்தார். அரித்துப்போன சார்ஜ் முனைப் பலகையை மட்டும் மாற்றினார். கூலி 900 ரூபாய், புதிய பலகை 450 ரூபாய். கழற்றிய பழைய பலகையை ஒரு தாளில் சுற்றி நம் கையில் தந்தார். டேப்லெட் இயங்குகின்றது. ஒலி மட்டும் சற்று அடைத்தாற்போல் வருகின்றது. திரையின் ஓர் ஓரத்தில் நீர்க்கறை நிலைத்துவிட்டது.

கருவி பழுது நீங்கிவிட்டது. நம் உள்ளத்தை உறுத்திய செய்திகள் வேறு. அவற்றில் முதலாவது, அந்த மூன்று நாட்கள்.

ஒரு பிள்ளை ஏன் மூன்று நாட்கள் மறைத்தது? பொய் சொல்லும் பழக்கமுள்ள பிள்ளையன்று அது. நம்மைக் கண்டு அஞ்சியதால் மறைத்தது. நம் குரலைக் கண்டு, நம் மேசைமேல் கிடக்கும் பிரம்பைக் கண்டு அஞ்சியது. வியாழன் இரவே சொல்லியிருந்தால் 450 ரூபாய்ப் பலகையும் பிழைத்திருக்கும். அப்படியானால் அந்தப் பலகையை அரித்தது ஹவ்ளின் நீர் மட்டுமன்று. ஆசிரியர் மீதான அச்சமும் சேர்ந்துதான் அரித்தது.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் சேர்ந்து பத்தாண்டுகள் பணிவிடை செய்தார்கள். அந்தக் காலத்தில் ஒருமுறைகூட ‘சீ’ என்ற சொல்லைக் கேட்டதில்லை என்றும், செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கேட்கப்பட்டதில்லை என்றும் அவர்களே சாட்சி கூறுகின்றார்கள். இதைப் பாடமாக நடத்துகின்ற நாம், கையிலிருந்து பொருள் தவறி விழுந்த பிள்ளையிடம் முதலில் எழுப்பும் கேள்வி என்னவாக இருக்கின்றது?

உடைந்த கிண்ணத்தின் நிகழ்ச்சியையும் இங்கே நினைவுகூர வேண்டும். புகாரீயில் அது பதிவாகியுள்ளது. நபியவர்கள் தம் மனைவியர் ஒருவரின் இல்லத்தில் இருந்தபோது மற்றொரு மனைவியாரிடமிருந்து கிண்ணத்தில் உணவு வருகின்றது. ரோஷத்தால் அந்தக் கிண்ணம் தட்டிவிடப்பட்டு உடைகின்றது. நபியவர்கள் துண்டுகளைத் தாமே ஒன்று சேர்க்கின்றார்கள்; சிதறிய உணவை அதில் அள்ளி வைக்கின்றார்கள்; உங்கள் தாயார் ரோஷப்பட்டுவிட்டார் என்று அங்கிருந்தோரிடம் மென்மையாகக் கூறுகின்றார்கள். பின்னர் உடைத்தவரின் வீட்டிலிருந்தே ஒரு நல்ல கிண்ணத்தை எடுத்து, கிண்ணத்தை இழந்தவருக்கு அனுப்பி வைக்கின்றார்கள். கண்டிப்பு இல்லை, ஆனால் ஈடு உண்டு. நாமோ பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கின்றோம். கூச்சலிட்டுக் கண்டித்துவிட்டு, ஈட்டைப் பற்றிய சட்டத்தை மறந்துவிடுகின்றோம்.

ஈட்டின் பேச்சு நம் மத்ரஸாவிலும் எழுந்தது. மாணவரின் தந்தை ஆட்டோ ஓட்டுபவர். செய்தி அறிந்து அன்று மாலையே மடித்த நோட்டுகளுடன் வந்து நின்றார். “என் பிள்ளை கெடுத்தது ஹஜ்ரத், நான் கொடுப்பதுதானே முறை?” என்றார். அப்போதுதான் ஒன்றைச் சொல்ல வேண்டியவர்களானோம். பாங்கு ஒலித்ததும் அந்தப் பிள்ளை டேப்லெட்டை அலமாரியில் வைக்கப் புறப்பட்டது. நேரமாகிவிட்டதே என்று, ஹவ்ளின் திண்டில் வைத்துவிட்டு ஒளு செய் என்று கட்டளையிட்டது நாமே. அங்கே நாற்பது பிள்ளைகள் நெருக்கியடிப்பார்கள் என்பதை நாம் அறிவோம். இதை அதுவரை எவரிடமும் சொல்லவில்லை. எவரும் கேட்காததால் நாமும் சொல்லவில்லை.

அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பொருள் தானே கெட்டுவிட்டால் பொறுப்பாளர் ஈடு தர வேண்டியதில்லை. அவருடைய கவனக்குறைவால் கெட்டால் ஈடு தர வேண்டும். இது ஃபிக்ஹின் அடிப்படைப் பாடம். மத்ரஸாவின் அந்தப் பொருளுக்குப் பொறுப்பாளர் நாம். கவனக்குறைவு நம்முடையது. ஆகவே 1,350 ரூபாயையும் நம் சம்பளத்திலிருந்து செலுத்தினோம். தந்தையிடமும் பிள்ளையிடமும் உண்மையைச் சொன்னோம். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. ஏழைத் தந்தையின் கையில் நோட்டுகளைக் கண்ட பின்னரே நாவு திறந்தது என்பதை எழுதும்போது வெட்கமே மேலிடுகின்றது. தானியக் குவியலின் மேற்பரப்பில் ஒரு சிறுவரின் தவற்றை வைத்து, உள்ளே நம் தவற்றை வைத்திருந்தோம்.

இரவல் பொருளைக் குறித்தும் ஒரு சொல். நம் பகுதிகளில் ஷாஃபிஈகளும் ஹனஃபீகளும் கலந்து வாழ்கின்றோம். இரவல் வாங்கிய பொருள், அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டால் அன்றி வேறு விதமாக அழிந்தால் வாங்கியவர் ஈடு தர வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். அது அமானிதமே, வரம்பு மீறலோ கவனக்குறைவோ இருந்தால் மட்டுமே ஈடு என்பது ஹனஃபீ மத்ஹப். எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும், நண்பரின் கைப்பேசியை நீரில் போட்டுவிட்டு, துடைத்து, ஒன்றும் நடவாததுபோல் திருப்பித் தருவதற்கு எந்த இமாமிடமும் இடமில்லை. அது நனைந்தது என்பதை அந்த நேரத்திலேயே சொல்வது அதைக் காப்பாற்றுவதற்கான முதல் மருந்துமாகும்.

இரண்டாவது செய்தி நிர்வாகக் கூட்டத்தில் எழுந்தது. ஐவேளையும் முதல் வரிசையில் நிற்கும் பெரியவர் ஒருவர், மத்ரஸாவின் நலனை மட்டுமே எண்ணி ஒரு யோசனை சொன்னார். இப்போது நன்றாகத்தானே வேலை செய்கின்றது? பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கும் திட்டத்தில் இதைத் தள்ளிவிடலாம். நனைந்தது யாருக்குத் தெரியப்போகின்றது என்றார். கூட்டத்தில் சிலர் தலையசைத்தனர். மத்ரஸாவுக்கு இலாபம்தானே!

யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு ஒரு முஃமினின் விடை என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. ஆயினும் சட்டத்தை விளக்க வேண்டியுள்ளது. குறையுள்ள பொருளை, அந்தக் குறையை விளக்காமல் ஒரு முஸ்லிம் தம் சகோதரருக்கு விற்பது ஆகுமானதன்று என்ற கருத்தில் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் உள்ளது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். மறைத்துப் பொய்யுரைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியாக புகாரீயிலும் முஸ்லிமிலும் வந்துள்ள செய்தி. மறைக்கப்பட்ட குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதற்கு ஃபிக்ஹில் கியாருல் ஐப் என்று பெயர்.

நீரில் நனைந்த கருவி இந்தச் சட்டத்திற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. உடைந்த திரையை வாங்குபவர் கண்ணால் கண்டுவிடுவார். நனைந்த பலகையை அவரால் காண இயலாது. இன்று ஓடும். இரண்டு மாதத்தில் சார்ஜ் ஏறாது. நான்கு மாதத்தில் பேச்சு கேட்காது. வாங்கியவர் தம் தலைவிதியை நொந்துகொள்வார். விற்றவரை அவர் தேடி வரமாட்டார். அந்தத் தேடல் மறுமை நாளுக்கு ஒத்திவைக்கப்படுகின்றது, அவ்வளவே.

“நீங்களே பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பின்னர் நான் பொறுப்பில்லை” என்று சொல்லி விற்றால் போதாதா என்று கேட்கின்றனர். குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தமக்குத் தெரிந்த ஒரு குறையை வேண்டுமென்றே மறைத்தவருக்கு அந்த நிபந்தனை பாவத்திலிருந்து விடுதலை தராது. “எல்லோரும் அப்படித்தான் விற்கின்றார்கள்” என்பதோ விடையே அன்று. அந்தத் தானிய வியாபாரியைச் சுற்றியும் பிற வியாபாரிகள் இருந்திருப்பார்கள்.

இது சிறிய விவகாரமன்று. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அதற்கு இரு வாரங்கள் முன்னர் சென்னையும் புயல் மழையில் மூழ்கியிருந்தது. அத்தகைய ஒவ்வொரு வெள்ளத்திலும் வீடுகளோடு கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் நனைகின்றன. நனைந்தவை துடைக்கப்பட்டு, பளபளப்பான உறை அணிவிக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வந்தால் அவற்றை வாங்குபவர் யார்? புதியதை வாங்க வசதியில்லாத கல்லூரி மாணவரும், வெளியூரில் வேலை பார்க்கும் கூலித் தொழிலாளியும்தாம். ஏழையின் சேமிப்பில் கை வைக்கும் வியாபாரத்திற்கு வெள்ளத்தின் மீது பழி போட முடியாது.

உத்தரவாதக் கோரிக்கையிலும் இதே நோய் புகுந்துள்ளது. பெரும்பாலான கருவிகளுக்குள் சிறு வெண்ணிற ஒட்டுத்தாள் ஒன்று உண்டு. நீர் பட்டால் அது சிவப்பாக மாறிவிடும். ஐ.பி. 67, ஐ.பி. 68 என்று குறிப்பிடப்படும் கருவிகளும் முற்றிலும் நீர் புகாதவை அல்ல. ஐ.பி. 67 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று சோதிக்கப்பட்டது என்பதே பொருள். நாள்பட நாள்பட அதன் பசைத் தடுப்பு தளரும்; ஒருமுறை பிரித்தால் அந்தக் காப்பு பெரும்பாலும் போய்விடும். இதனால் நீர்ப் பழுதை நிறுவனங்கள் பொதுவாக உத்தரவாதத்தில் சேர்ப்பதில்லை. அதை அறிந்தே, தானாக நின்றுவிட்டது என்று எழுதிக் கையொப்பமிடுவதும், சிவந்த ஒட்டுத்தாளைச் சுரண்டிவிட்டு வெள்ளையை ஒட்டுவதும் நடக்கின்றன. பெரிய நிறுவனத்தை ஏமாற்றினால் பாவமில்லை என்று எந்த வசனத்தில் உள்ளது? நீரில் விழுந்ததா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொடுவதும் பொய்தான். விரலால் சொல்லும் பொய்க்கும் கணக்கு உண்டு.

மூன்றாவது, பழுதுபார்க்கும் சகோதரர்களைப் பற்றியது. நம் சமுதாய இளைஞர்கள் ஏராளமானோர் இந்தத் தொழிலில் உள்ளனர். கைத்தொழிலால் உண்பது நபி தாவூத் (அலை) அவர்களின் வழி. அவர்கள் கவசம் செய்த கரங்களால் உண்டார்கள். ஆகவே இது சிறப்பான தொழில். ஆயினும் இதில் கையில் வருவது வெறும் கண்ணாடியும் உலோகமுமன்று. ஒரு குடும்பத்தின் புகைப்படங்கள், கணவன் மனைவியின் உரையாடல்கள், வங்கிக் கணக்கு, பெண்பிள்ளைகளின் தனிமை யாவும் அதற்குள் உள்ளன. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனமும், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனமும் கட்டளையிடுகின்றன. தொடுதிரை வேலை செய்கின்றதா என்று பார்க்கப் புகைப்படத் தொகுப்பைத் திறக்க வேண்டியதில்லை.

கழுவியதோடு சரியானதைப் பலகை மாற்றியதாகச் சொல்லிக் கூலி பெறுவது ஹராம். நல்ல உதிரிப் பாகத்தைக் கழற்றி மட்டமானதைப் பொருத்துவது திருட்டு. கைவினைஞர்களிடம் பொருள் அழிந்தால் அவர்களையே பொறுப்பாக்க வேண்டும். மக்களின் நலனைக் காக்க வேறு வழியில்லை என்று அலீ (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததாக ஃபிக்ஹ் நூல்கள் கூறுகின்றன. இதில் இமாம்களின் நிலைப்பாடுகள் வேறுபட்டாலும், அக்கறை எங்கே இருந்தது என்பது தெளிவு. நம் பழைய மாணவர் கழற்றிய பலகையைத் தாளில் சுற்றித் தந்தார் அல்லவா, அந்தச் சிறு செயலில் அவர் ஓதிய ஓதல் தெரிந்தது.

வாடிக்கையாளருக்கும் கடமை உண்டு. எதில் விழுந்தது என்று உண்மையைச் சொல்லுங்கள். தேநீரா, கடல்நீரா, கிணற்று நீரா என்பதைப் பொறுத்து வேலை மாறும். கழிவறையில் விழுந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அதைத் தொடும் கைகளோடு அந்தச் சகோதரர் தொழுகைக்கு நிற்பார். நஜீஸை நீரால்தான் நீக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். வாள், கண்ணாடி போன்ற வழவழப்பான பொருள்கள் துடைப்பதால் தூய்மையாகும் என்பது ஹனஃபீ மத்ஹப். உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். மேலும், ‘சும்மா தூரிகையால் துடைத்ததற்கா இவ்வளவு?’ என்று கூலியில் பேரம் பேசாதீர்கள். கூலி அந்தத் தூரிகைக்கு அன்று. எதைத் துடைக்க வேண்டும் என்று அறிந்த கண்ணுக்கு.

பழுதுபார்ப்பதைக் கஞ்சத்தனம் என்று எண்ணும் மனப்பான்மை இளைஞரிடம் வளர்ந்து வருகின்றது. நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்தார்கள், ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். சரிசெய்யத்தக்கதை எறிந்துவிட்டுத் தவணையில் புதியதை வாங்குவதும், அந்தத் தவணைக்காக வட்டியில் சிக்குவதும் வீண்விரயத்தின் இரட்டைக் கதவுகள். இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தையே தொடங்கியிருக்கின்றது. சரிசெய்ய இயலாதவற்றையும் குப்பையில் வீசாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்ப்பதே முறை. உப்பிய பேட்டரி குப்பை வண்டியில் தீப்பற்றினால் எரிவது ஒரு துப்புரவுத் தொழிலாளியின் கையாக இருக்கலாம்.

நம் கூட்டத்தின் முடிவைச் சொல்லி நிறைவு செய்கின்றோம். டேப்லெட்டை விற்கவில்லை. யோசனை சொன்ன அந்தப் பெரியவரே, தானியக் குவியலின் ஹதீஸை நினைவூட்டியதும் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “வேண்டாம் ஹஜ்ரத், நம்மிடமே இருக்கட்டும்” என்றார். அன்பளிப்பாகத் தந்த சகோதரருக்கும் நடந்ததை எழுதித் தெரிவித்தோம். ஓதல் இன்னும் அதில் கேட்கின்றது. சற்று அடைத்த குரலில்.

அதன் பின்புறத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டுள்ளது. ‘இது நீரில் நனைந்து சரிசெய்யப்பட்டது. ஒலி குறைவு. திரையில் கறை உண்டு’ என்று எழுதியிருக்கின்றது. என்றேனும் ஒரு நாள் அது வேறு கைக்குப் போனால் அந்தத் தாளோடுதான் போகும். எழுதியவர் அதே மாணவர். எழுதும்போது, யார் தவறு என்றும் எழுதட்டுமா ஹஜ்ரத் என்று கேட்டார். அது தாளில் வேண்டியதில்லை, வகுப்பில் நாமே சொல்லிவிட்டோம் என்றோம். பிரம்பு இப்போது மேசைமேல் இல்லை. எது உடைந்தாலும், எது நனைந்தாலும், அந்த நேரத்திலேயே சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்பது நம் மத்ரஸாவின் விதியாகிவிட்டது. சென்ற வாரம் ஒரு பிள்ளை ஓடி வந்து, கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டதாக மூச்சிரைக்கச் சொன்னது. கால்களில் துண்டு ஏதும் குத்தவில்லையே என்று கேட்டோம்.

நம் வீடுகளிலும் கடைகளிலும் மத்ரஸாக்களிலும் நனைந்ததை மேலே வைக்கும் துணிவை வல்ல ரஹ்மான் நமக்கு அளிப்பானாக! நம் உள்ளங்களுக்குள் நாம் மறைத்து வைத்திருக்கும் ஈரத்தை அவனே அறிந்தவன். அதை இம்மையிலேயே வெளிப்படுத்தித் திருந்தும் தவ்ஃபீக்கைத் தருவானாக! ஆமீன்.